காணாமல் போன மூன்று மில்லிமீட்டர்

இந்த வழக்கில் பிணம் கிடையாது. கொஞ்சம் ரத்தம் உண்டு, அதுவும் துப்பறிந்தவரின் ஈறிலிருந்து வந்தது. காணாமல் போனது நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் உலோகத் துணுக்கு. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். அதற்காக ஒருத்தியின் பதினோரு வருஷ வேலை போக இருந்தது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

காலை 10.05. விஷயம் வெளியே வந்தபோது, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் பல் மருத்துவமனையின் நாற்காலியில் கால் உயரத் தலை தாழ மல்லாந்து கிடந்தார். கீழ் உதட்டில் பாதி மரத்துப்போயிருந்தது. வாயை மூடி ஒரு பச்சை ரப்பர் ஷீட் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் நடுவிலிருந்த ஓட்டை வழியாக அவருடைய கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. இருபது வருஷமாகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிற அம்மாளால் "ஆ" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச முடியாத நிலை. வழக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வந்து தொலைத்தது.

நியாயமாகச் சொன்னால் முக்கால் மணி நேரம் பின்னால் போகவேண்டும். தடயங்களில் பாதி அதற்குள் கிடந்தன.

9.20. இன்ஸ்பெக்டர் வரவேற்பறைக்கு வந்தார். ஆறு மாதமாக அந்தப் பல்லோடு மாத்திரை போட்டுப் போட்டுக் குடித்தனம் நடத்தியவர். போன வாரம் அவருடைய அக்காதான், திருடனைப் பிடிக்கிறவளுக்குப் பல்லைப் பிடிக்க பயமா என்று மானத்தை வாங்கி, முதல் சிட்டிங்குக்கு இழுத்து வந்தாள். அன்றைக்கு நரம்பை எடுத்துவிட்டு, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். இன்று இரண்டாவது சிட்டிங். இதோடு ஒழிந்தது என்ற ஒரே நிம்மதியில் வந்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பெரிய டாக்டரின் மகள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் பாப்பா. பாப்பா இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. வேர் சிகிச்சைக்கு வருகிற எல்லோரிடமும் ஒப்பிக்கிற பாடத்தை அவரிடமும் ஒப்பித்தாள். ஊசி போட்டதும் உதடு மரத்துவிடும், வலி தெரியாது, அழுத்தம் மட்டும் தெரியும். வேரைக் கழுவி, காயவைத்து, அடைப்பார்கள். மரப்பு போகிறவரைக்கும் எதையும் மெல்லக் கூடாது, கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். பிறகு அந்தப் பல்லுக்கு மேல் ஒரு தொப்பி போட்டுக்கொள்ளாவிட்டால் பல் உடைந்துவிடும். மூச்சு விடாமல் சொல்லி முடித்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மேடம், முதல் சிட்டிங் முடிஞ்ச அன்னிக்கு உங்களுக்கு வலிச்சுதா? ரெண்டு நாள்ல போயிடும்னு நாங்க எல்லாருக்கும் சொல்றோம். நிஜமாவே போயிடுமா?"

நாலு நாள் ஆயிற்று என்று இன்ஸ்பெக்டர் கடுப்போடு சொன்னார். நோயாளியிடம் கருத்துக் கேட்கிற புது வழக்கம் போலிருக்கிறது, இனி நட்சத்திரம் வேறு போடச் சொல்வார்கள் என்று அலுத்துக்கொண்டு உள்ளே போனார்.

9.30. பெரிய டாக்டருக்கு அறுபத்தொரு வயது. குண்டூசி கீழே விழுந்தாலும் யார் போட்டது, எப்போது போட்டது, ஏன் போட்டது என்று மூன்று கேள்வி கேட்கிற ரகம். பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு சிஸ்டர் நின்றாள். பதினோரு வருஷமாக அங்கேயே நிற்கிறாள். ஊசி குத்தும்போது இன்ஸ்பெக்டரின் தோளில் அவள் கை வைத்தது மட்டும்தான் அன்று காலையில் நடந்த ஒரே நல்ல காரியம்.

9.45. ரப்பர் ஷீட் ஏறியது. எச்சில் வேருக்குள் போகாமலிருக்கவும், சின்ன ஊசி ஏதாவது நழுவினால் தொண்டைக்குள் போகாமலிருக்கவும் அது வேண்டும் என்றார் டாக்டர். பிறகு ஃபைல்களை எடுத்தார். ஃபைல் என்றால் ஏதோ ஆபீஸ் சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். தலைமுடி கனத்தில் ஒரு முறுக்கூசி, தலையில் வண்ணப் பிளாஸ்டிக் பிடி. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒரு பெட்டிக்கு ஆறு. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு குட்டி ரப்பர் வளையம். வேரின் நீளத்தை அளந்து அந்த இடத்தில் வளையத்தை நிறுத்திவிட்டால், ஊசி அதற்கு மேல் உள்ளே போகாது.

அந்த அளவுக்காக மட்டும் மனுஷன் மூன்று எக்ஸ்ரே எடுத்தார். முதலாவதில் கால் மில்லி சந்தேகம். இரண்டாவதில் கோணம் சரியில்லையாம். மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் முகம் தெளிந்தது.

"இருபதரை. ஒவ்வொரு வேருக்கும் ஒரு நீளம்மா, ஒருத்தருக்கு இருக்கிறது இன்னொருத்தருக்கு இருக்காது. நான் நுனிக்கு அரை மில்லி முன்னாடி நிறுத்திடுவேன். தாண்டினா எலும்புல குத்தும், குறைஞ்சா அழுக்கு தங்கும்."

இன்ஸ்பெக்டர் "ஆ" என்றார். சீக்கிரம் முடித்துத் தொலையுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

10.05. கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை டாக்டர் வந்தார். பாப்பாவின் கணவர், அடுத்த அறையில் நோயாளி பார்ப்பவர். மாமனாரின் மருத்துவமனையில் வேலை செய்கிற எந்த மாப்பிள்ளைக்கும் உரிய தயக்கம் அவருடைய நடையிலேயே இருந்தது. கையில் ஒரு ஸ்டீல் பெட்டி.

"மாமா, நாலாம் நம்பர் பெட்டியில சிவப்பு ஃபைல் மூணு மில்லி குறையுது. நுனி இல்லை. வீட்டுல இவளுக்குத் தலைவலின்னு ராத்திரி எனக்கும் தூக்கமில்லை, அதனால சந்தேகப்பட்டு ரெண்டு தடவை அளந்து பார்த்துட்டேன். மத்த அஞ்சுலயும் ரப்பர் இருபத்திரெண்டரைல நிக்குது. நேத்து யாருக்கு..."

பெரிய டாக்டர் அவரை முடிக்க விடவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சிஸ்டரைப் பார்த்துத்தான் பேசினார், அதுவும் வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில்.

"பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? சிங்க்ல உடைச்சுட்டு, வாயைத் திறக்காம பெட்டியில வெச்சிருக்கே. இந்த கேஸ் முடிஞ்சதும் கிளம்பு. எந்த கிளினிக்லேர்ந்து போன் பண்ணி விசாரிச்சாலும் இதைத்தான் சொல்வேன்."

"நான் உடைக்கல டாக்டர்" என்றாள் சிஸ்டர். அவ்வளவுதான் சொன்னாள். கண் நிறைந்து வழிந்தது. ஆனால் எச்சில் குழாய் இன்ஸ்பெக்டரின் உதட்டோரத்திலிருந்து ஓர் இம்மி நகரவில்லை.

பெரிய டாக்டர் இன்ஸ்பெக்டரின் வேர்களுக்குள் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். நீச்சல் குளத்து நாற்றம் மூக்கில் ஏறியது. பத்து நிமிஷம் ஊறவேண்டும், பிறகு அடைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக, இருந்தது பத்து நிமிஷம். அதற்குப் பிறகு பல்லை அடைத்துவிடுவார்கள். பல்லை அடைத்தால் கேஸ் முடிந்தது. கேஸ் முடிந்தால் சிஸ்டர் தெருவில், அதுவும் கெட்ட பெயரோடு. தன் பல்லே ஒருத்தியின் கெடுவாகிப் போனதை நினைக்க இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த இடத்திலுமா?

10.12. இன்ஸ்பெக்டர் கையை ஆட்டி எழுதுகிற ஜாடை காட்டினார். சிஸ்டர் தன் பேனாவைக் கொடுத்தாள். எழுத வேறொன்றும் அகப்படாததால் அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம். அட்டை சின்னது. கேள்வியும் சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும்.

முதல் கேள்வி மாப்பிள்ளை டாக்டருக்கு: *தேய்த்தால் உடையுமா?*

அவர் பெட்டியை விளக்குக்குக் கீழே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார்.

"எனக்கும் அதான் மேடம் உறுத்துது. தேய்ச்சா வளையும். இதைப் பாருங்க, உடைஞ்ச இடத்துக்கு மேலே முறுக்கு பிரிஞ்சிருக்கு. எங்கேயோ மாட்டிக்கிட்டு, அதுக்கு மேல சுத்தினாத்தான் இப்படி ஆகும். பல்லுக்குள்ளதான்."

உள்ளே உடைந்தால் என்ன ஆகும் என்று அவராகவே சொன்னார். துணுக்கு வேரில் மாட்டிக்கொள்ளும். சிலருக்கு ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடக்கும். சிலருக்கு அதற்குக் கீழே அழுக்கு தங்கிச் சீழ் வைக்கும். யாருக்கு எப்படி என்று முதலிலேயே சொல்ல முடியாது. அதனால், உடைந்தால் அந்த நிமிஷமே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே மாமனார்தான்.

*நேற்று யார் யார்?*

மாப்பிள்ளை டாக்டர் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தார். நேற்று வேர் சிகிச்சை மூன்று பேருக்கு. பஸ் டிரைவர், இவர் பார்த்தது, இருபது மில்லி. டெய்லர், இவர் பார்த்தது, இருபத்தொன்று. பள்ளிக்கூட டீச்சர், மாமா பார்த்தது, இருபத்து மூன்றரை. எல்லாமே ஒற்றை வேர், ஒற்றை அளவு. எதிலும் இருபத்திரெண்டரை இல்லை.

*உங்களுக்கு ஏன் அரை இல்லை?*

"வேர் நீளத்தை இங்கே முழு மில்லியாத்தான் குறிப்போம் மேடம். நான் நுனிக்கு ஒரு மில்லி முன்னாடி நிறுத்துவேன். காலேஜ்ல அப்படித்தான் பழக்கினாங்க. மாமா அரை. இதுக்காகவே எங்களுக்குள்ள வாரத்துக்கு ஒரு சண்டை."

10.16. அடுத்தது சிஸ்டர். அவளுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. அணை உடைந்தது மாதிரி கொட்டினாள். பழைய முரட்டு பிரஷ்ஷைத் தூக்கிப்போட்டே ஒரு மாசமாகிறது. நேற்று சாயங்காலம் நாலு பெட்டியையும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மெல்லிய பிரஷ்ஷால்தான் கழுவினாள். நுனி இருக்கிறதா என்று பார்ப்பது டாக்டர்களின் வேலை, கண்ணாடி அவர்களிடம்தான் இருக்கிறது. வேறு இடத்துக்குப் போகலாமென்றால், இந்தத் தொழிலில் பழைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எவரும் சேர்க்க மாட்டார்கள். இனி யார் சேர்ப்பார்கள்?

இன்ஸ்பெக்டரின் பேனா அட்டையில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டது. 4.

சிஸ்டர் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஆமா மேடம், நாலு. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், ரெண்டே முக்காலுக்கு. சிங்க்ல ஒரு பெட்டி ஊறிக்கிட்டு இருந்துது. யாரோ போட்டிருக்காங்கன்னு அதையும் சேர்த்துக் கழுவினேன்."

*மதியம் யார் இங்கே?*

ஒன்றிலிருந்து மூன்று வரை மருத்துவமனைக்கு இடைவேளை. மாப்பிள்ளை டாக்டர் தொப்பி செய்கிற லேபில் வரிசையில் நின்றிருந்தார், மூன்று மணிக்குத்தான் திரும்பினார். அவரை அங்கே அனுப்பியது மாமா. மற்றபடி இங்கே யாரும் வந்ததாக நோட்டில் இல்லை.

*நோட்டில் எழுதாமல் யாருக்காவது பார்ப்பதுண்டா?*

சிஸ்டர்தான் சொன்னாள். "வீட்டு ஆளுங்களுக்கு எழுத மாட்டாங்க மேடம். சீட்டுப் போட்டு உட்கார வெச்சா வெளியாள் மாதிரி ஆயிடும்னு டாக்டர் சொல்வார். எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு எடுத்தப்பகூட எழுதல."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். வலியால் அல்ல. விடை மொத்தமும் மேலே விளக்கு மாதிரி மூஞ்சிக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. எரிச்சல் என்னவென்றால், அதைச் சொல்ல வாய் இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அட்டையில் இடம் இல்லை. இருந்தாலும், இப்படிப்பட்ட விஷயத்தைச் சீட்டில் எழுதி நீட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல்லை அடைத்து முடித்தபின் சொல்லலாம்தான். அதற்குள் இவள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து போயிருப்பாள்.

மிச்சமிருந்த மூலையில் எழுதினார்: *ஷீட்டைக் கழற்று.*

சிஸ்டர் பதறினாள். "வேண்டாம் மேடம். எச்சில் உள்ளே போச்சுன்னா இன்னிக்குப் பண்ணது அத்தனையும் வீண். மறுபடி ஊசி, மறுபடி கழுவணும். இன்னொரு சிட்டிங் வரணும்."

இன்னொரு சிட்டிங். மறுபடி அந்த நாற்காலி, மறுபடி அந்த நாற்றம், மறுபடி கால் மில்லிக்காக மூன்று எக்ஸ்ரே. இன்ஸ்பெக்டர் பேனாவை அழுத்தி அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

10.24. பெரிய டாக்டர் புதுக் கையுறையோடு உள்ளே வந்தபோது, ரப்பர் ஷீட் தட்டில் கிடந்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்து தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

யார் கழற்றச் சொன்னது என்று ஆரம்பித்தார் டாக்டர். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். உதட்டில் பாதி ஒத்துழைக்கவில்லை, சகரமெல்லாம் காற்றாகப் போயிற்று. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த போலீஸ் மட்டும் மரத்துப்போகவில்லை.

"டாக்டர், என் ஒரு வேருக்கு மூணு எக்ஸ்ரே எடுத்தீங்க. கால் மில்லி உங்களுக்குப் பெரிய விஷயம். மூணு மில்லி ஊசி காணோம்னு இவர் வந்து நிக்கிறார். அது யார் வாயில இருக்குன்னு நீங்க ஏன் கேக்கல?"

"சிங்க்ல உடைஞ்சதுக்கு எதுக்கு..."

"அதை நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. பார்க்காமலே சிங்க்னு சொன்னீங்க."

டாக்டர் இப்போதுதான் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நடுநடுவே வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு ஒரு மனுஷி குற்றத்தை நிரூபிப்பது பார்க்கக் கம்பீரமாக இல்லை, ஆனால் வேலை நடந்தது. ஊசி முறுக்கியதில் உடைந்தது, ஆகவே ஒரு பல்லுக்குள். இருபத்திரெண்டரை நேற்று வந்த மூன்று பேருக்கும் பொருந்தவில்லை. மூன்று பேருக்கு மூன்று பெட்டி போதும், கழுவியதோ நான்கு. ஆகவே நான்காவது ஆள் ஒருவர் இடைவேளையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நோட்டில் பெயர் இல்லாததால் அவர் வீட்டு ஆள். அளவில் அரை இருப்பதால், பார்த்தவர் மாப்பிள்ளை இல்லை. அவர் உடைத்திருந்தால் அந்த ஊசியைக் குப்பையில் போட்டிருப்பார், கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டியிருக்க மாட்டார்.

"வேற யாராவது உடைச்சிருந்தா, உடனே மூணு நோயாளியையும் கூப்பிடுங்கன்னு கத்தியிருப்பீங்க. நீங்க கூப்பிடல. அவங்க மூணு பேர் வாயிலயும் அது இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். யார் வாயில இருக்குன்னும் தெரியும்."

"மேடம், யாரைச் சொல்றீங்க?" என்றார் மாப்பிள்ளை டாக்டர். அவருக்குப் பாதி புரிந்து, மீதியைப் புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

"இந்தச் சிகிச்சையில என்ன ஆகும், எத்தனை நாள் வலிக்கும்னு ஊருக்கே பாடம் சொல்ற பொண்ணு, நிஜமாவே வலி போயிடுமான்னு காலையில என்கிட்ட கேட்டா. தனக்கு வலிச்சாத்தானே அந்தச் சந்தேகம் வரும்? நேத்து ராத்திரி உங்க வீட்டுல தலைவலின்னு சொன்னீங்களே, அது தலை இல்லை."

சத்தம் கேட்டு வந்திருந்த பாப்பா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டாக்டர் சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"மூணு நாளா பல் வலிக்குதுன்னு பாப்பா சொன்னா. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா, என்கிட்ட ஏன் வரலைன்னு வருத்தப்படுவார், சொல்லாதீங்கப்பான்னா. அஞ்சு மாசம்னு எக்ஸ்ரே எடுக்க எனக்கு மனசு வரல. அளவு பார்க்கிற மெஷினை மட்டும் நம்பினேன். வேர் வளைஞ்சிருந்தது தெரியல. சிவப்பு மாட்டிச்சு. ஒரு சுத்து அதிகமா சுத்திட்டேன்."

அவளை மாடியிலிருக்கும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து ஊசியை எடுத்து ஒளிக்க நினைத்தாராம். அதற்குள் மாலை நோயாளிகள். மறுபடி நினைவு வந்தபோது பெட்டி கழுவி, வேகவைத்து, அலமாரிக்குள் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மருத்துவமனைக்கு அவளை ஏதாவது சாக்குச் சொல்லி அழைத்துப் போய், அங்கேயிருக்கும் மைக்ராஸ்கோப்பை வைத்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். நாற்பது வருஷம் நோயாளிக்கு மறைக்காதே என்று பாடம் நடத்திய மனுஷன் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கின் நடுவில் ஊசி வெளியே வந்ததும் பழியைச் சிஸ்டர்மேல் தள்ளிவிட்டார்.

பாப்பா உரக்கப் பேசவில்லை. "ராத்திரி ரெண்டு தடவை வந்து கேட்டேனேப்பா. சாதாரண வலிதான், போய்ப் படுன்னு சொன்னீங்களே. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளை டாக்டர், ஆச்சரியமாக, தயங்கவே இல்லை. மனைவியின் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயக் கவசம் போட்டு, ஒரே ஓர் எக்ஸ்ரே எடுத்தார். 10.41-க்குப் படத்தோடு திரும்பி வந்தார். வேரின் வளைவில், பென்சிலால் கிழித்தது போல வெள்ளையாக ஒரு கீற்று. மூன்று மில்லிமீட்டர்.

"நல்லா மேலேதான் நிக்குது, எடுத்துடலாம். உங்க நண்பர்கிட்ட நாளைக்கே போறோம். நானும் வர்றேன்" என்றார். மாமாவிடம் அனுமதி கேட்கிற தொனி அதில் இல்லை.

இதற்கிடையில் சிஸ்டர் வேறு யாரையும் எதிர்பார்க்காமல் இன்ஸ்பெக்டரின் பல்லைக் கவனித்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த ஓட்டைக்குள் பஞ்சு வைக்க டாக்டரை அதட்டிக் கூப்பிட்டாள், அவரும் சொன்னபடி வந்து வைத்தார், தற்காலிக அடைப்பும் போட்டார். வியாழக்கிழமை மூன்றாவது சிட்டிங். இன்ஸ்பெக்டர் மனதுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டார்.

கேஸ் முடிந்தது. சிஸ்டர் தட்டைத் துடைத்து வைத்தாள், கையுறையைக் கழற்றினாள், ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"நீ எங்கேம்மா போறே? இரு" என்றார் பெரிய டாக்டர். "தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேனே."

"எனக்குத் தெரியும் டாக்டர். மேடத்துக்குத் தெரியும். வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு யார் சொல்றது? அவங்க காதுல விழற மாதிரிதானே என்னைப் பேசினீங்க? நீ உடைச்சியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. பதினோரு வருஷம் அந்த ஒரு கேள்விகூடவா பெறாது?"

டாக்டர் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு காத்திருப்போர் கூடத்துக்குப் போனார். அங்கே ஏழு பேர் இருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருவர், போனைப் பார்த்துக்கொண்டு நால்வர், சுவரோரத்தில் காது மந்தமான பெரியவர் ஒருவர். கையுறை மாட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாக்டர் அவர்கள் முன்னால் நின்றார்.

"கொஞ்ச நேரம் முன்னாடி சிஸ்டரை நான் பேசினது உங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்த ஊசியை உடைச்சது அவ இல்லை. நான்தான் உடைச்சேன். மறைச்சதும் நான்தான்" என்றார். சொல்லச் சொல்லக் குரல் தொண்டைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

சுவரோரத்துப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சிஸ்டர் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

அவர் சத்தமாகச் சொன்னார்.